கொழும்பில் முதல் பிளட்: முற்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ பிளட், அதாவது அடுக்குமாடி வீடு, பார்க்கப் போனால் தரகர் முதலில் பல்கனிக் கதவைத்தான் திறப்பார். கடல், காற்று, தூரத்தில் ஒரு கப்பல். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு வரும் சிக்கல்களில் பல்கனியால் வருவது அரிது. உங்கள் வீடு ஒரு பிளானில் எந்த எண்ணோடு கிடக்கிறது, அந்தப் பிளான் பதியப்பட்டதா, அதில் பார்க்கிங் யாருடையது என்று எழுதியிருக்கிறது என்பவற்றால்தான் வழக்கும் வங்கி மறுப்பும் வருகின்றன. ஆகவே இங்கே சொல்லும் வரிசை தரகர் காட்டும் வரிசைக்குத் தலைகீழானது: முதலில் தாள், பிறகு கட்டடம், கடைசியில்தான் கடல்.

பழகிய காணிக் கொள்வனவோடு இதை ஒப்பிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒரு வளவு வாங்கினால் நான்கு எல்லையும் கண்ணுக்குத் தெரியும், வேலி இருக்கும், அயலவர் சாட்சி சொல்வார். ஐந்தாம் மாடியில் வாங்குவது ஒரு வரைபடத்தில் குறிக்கப்பட்ட கூறை. அத்தோடு படிக்கட்டு, லிஃப்ட், மொட்டைமாடி, நிலம் ஆகிய பொதுப்பகுதிகளில் ஒரு பங்கும் வரும். அந்தக் கூறைத் தனி ஆதனமாக உறுதி எழுதி விற்க வழி செய்வது மாடிவீட்டு உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். 1982, 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. இப்படிக் கூறு தனியாகவும் பொதுப்பகுதி பங்காகவும் அமைந்த ஆதனத்தைக் கூட்டாதனம் என்பார்கள். இதை மேற்பார்க்கும் நிறுவனம் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை.

1. முதலில் காசுக் கணக்கு

விலை 300 லட்சம் என்று பேசினால் கையில் 300 லட்சம் போதாது. உறுதிக்கு முத்திரை வரி உண்டு: முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 300 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 3,000 ரூபாவும் 1,196,000 ரூபாவும் சேர்ந்து 1,199,000 ரூபா. இதை வாங்குகிறவர்தான் கட்டுவது வழக்கம். நொத்தாரிசுக் கட்டணத்தில் பேச்சுப் பெரும்பாலும் விலையில் 1 சதவீதத்தில் தொடங்கும், பேசிக் குறைக்கலாம். இவற்றோடு காணிக் கந்தோர்த் தேடல், சான்றிதழ்கள், கடன் எடுத்தால் வங்கியின் வலுவேஷன், வங்கிச் சட்டத்தரணி, ஈட்டு உறுதிச் செலவு. எல்லாம் கூட்டினால் விலைக்கு மேல் 5 முதல் 6 சதவீதம் ஒதுக்கி வைப்பது பாதுகாப்பு.

புதுக் கட்டடத்தைக் கட்டியவரிடமே நேரடியாக வாங்கினால் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: சொல்லும் விலைக்குள் வற் வரி இருக்கிறதா, இல்லையா? 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம். விலைப்பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் ‘வரிகள் நீங்கலாக’ என்று இருந்தால் 300 லட்சத்தில் 54 லட்சம் வித்தியாசம் வந்து நிற்கலாம். வாயால் ‘அதெல்லாம் நாங்கள் பார்க்கிறோம்’ என்பது பதில் அல்ல.

உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டு முத்திரை வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். வரி ஆதனத்தின் சந்தைப் பெறுமதி மேல்தான் கணக்கிடப்படும். குறைந்தால் மிச்சத்தைக் கேட்டுக் கடிதம் வரும். பின்னாளில் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை தாளில் குறைவாக இருப்பதால் மூலதன ஆதாய வரியும் கூடும். குறைத்துப் போட்ட லாபம் இன்றைக்கு, சுமை நாளைக்கு உங்களுக்கு.

2. எந்தப் பக்கம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வேலைத்தலமும் தீர்மானித்துவிடும். மூன்று குறிப்புகள் மட்டும். மரைன் டிரைவ் ஓரம் உப்புக்காற்றால் யன்னல் சட்டம், ஏசியின் வெளி அலகு, லிஃப்ட் கதவு எல்லாம் உள்பக்கத்தை விட வேகமாகத் துருப்பிடிக்கும். கரையோர ரயில் சத்தமும் உண்டு, காலை ஆறரைக்கு ஒரு தரம் போய் நின்று பாருங்கள். வெள்ளவத்தை, கிருலப்பனைக் கால்வாய்களுக்கு அருகே என்றால் ஒரு பெருமழை நாளில் வீதியில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். தரகரை விட அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது, தெஹிவளை கொழும்பு மாநகர சபைக்குள் இல்லை. சோலைவரி, கட்டட அனுமதி எல்லாம் தெஹிவளை–கல்கிசை மாநகர சபையில். கொழும்பு 6 முடிந்து தெஹிவளை தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது, விளம்பரத்தில் ‘வெள்ளவத்தை’ என்றே இருக்கும். சோலைவரிப் பற்றுச்சீட்டின் தலைப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. பிளானை விரித்து வாசியுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். விற்பவரிடம் கேட்க வேண்டியது பதியப்பட்ட கூட்டாதன வரைபடத்தின் முழுப் பிரதி. விளம்பரப் புத்தகத்தில் உள்ள வண்ணப் படம் வேறு, மாநகர சபை அனுமதித்த கட்டட வரைபடம் வேறு, இது வேறு. மூன்றையும் ‘பிளான்’ என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். கூட்டாதன வரைபடத்தைத் தயாரிப்பவர் அனுமதிப்பத்திரம் பெற்ற நில அளவையாளர். கட்டி முடிந்த கட்டடத்தை மாடி மாடியாக அளந்து வரைந்திருப்பார். அதோடு ஆதன உரிமையாளர் நொத்தாரிசு முன் செய்த பிரகடனமும் சேர்ந்து காணிக் கந்தோரில் பதியப்பட்டால்தான் தனித்தனி வீடுகளுக்கு உறுதி எழுதலாம்.

தாளை விரித்தால் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு படம், பின்னால் அட்டவணைகள். உங்களுக்குக் காட்டிய வீடு ‘எஃப் 5 – பி 2’ என்பது போல ஓர் எண்ணில் இருக்கும்: முதல் பகுதி மாடி, அடுத்தது கூறு. அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கதவில் ஒட்டியிருக்கும் ‘5பி’ சட்டத்தில் எதுவும் இல்லை. கதவு எண்ணும் பிளான் எண்ணும் மாறிப்போய், எதிர் வீட்டுக்காரருக்கு உங்கள் வீட்டின் உறுதியும் உங்களுக்கு அவருடையதும் எழுதப்படுவது நடக்கக்கூடியது. படத்தில் வடக்கு அம்புக்குறி இருக்கும். வாசலில் நின்று கைத்தொலைபேசித் திசைகாட்டியோடு ஒப்பிட்டால் இரண்டு நிமிட வேலை.

அடுத்தது பரப்பளவு. அட்டவணையில் சதுர மீற்றரில் இருக்கும், 10.764 ஆல் பெருக்கினால் சதுர அடி. விளம்பரத்தில் 1,250 சதுர அடி என்று போட்ட வீடு பிளானில் 96 சதுர மீற்றர் என்றால் அது 1,033 சதுர அடிதான். மிச்சம் 217 சதுர அடி எங்கே போனது? லிஃப்ட் முன்றில், படிக்கட்டு, சில வேளை வெளிச்சுவர்கள் வரை சேர்த்து விளம்பரத்தில் எண்ணியிருப்பார்கள். 300 லட்சத்தை 1,250 ஆல் வகுத்தால் சதுர அடி 24,000 ரூபா. 1,033 ஆல் வகுத்தால் 29,000ஐத் தாண்டும். இரண்டு பிளட்டை ஒப்பிடும்போது எப்போதும் பிளான் அளவை வைத்தே ஒப்பிடுங்கள்.

பிறகு பார்க்கிங். கொழும்பு பிளட்டுகளில் அதிகச் சண்டை இதில்தான். வாகனத் தரிப்பிடம் பிளானில் இரண்டு விதமாக இருக்கலாம். உங்கள் கூறோடு இணைந்த துணைக்கூறாகத் தனி எண்ணோடு குறிக்கப்பட்டிருந்தால் அது உறுதியில் உங்கள் பெயருக்கு வரும், வீட்டோடு சேர்ந்து விற்கலாம். அல்லது அந்த இடம் முழுவதும் பொதுப்பகுதி என்று குறிக்கப்பட்டிருக்கும்; அப்படியானால் ‘உங்களுக்கு ஏழாம் நம்பர் பார்க்கிங்’ என்று கட்டியவர் கொடுத்த கடிதத்துக்கு உறுதிக்குரிய வலு இல்லை. நாளைக்கு வீட்டு உரிமையாளர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் கூடி வேறு விதமாகப் பிரித்தால் என்ன செய்வீர்கள்? தரிப்பிடத்தை அளவு நாடாவால் அளக்கவும் மறக்க வேண்டாம். இரண்டு தூணுக்கு நடுவே காரை விட முடிந்தும் கதவைத் திறக்க முடியாத இடங்கள் நிறைய உண்டு.

கடைசியாக மாடிகளை எண்ணுங்கள். லிஃப்டுக்குள் ஏறிப் பொத்தான்களை எண்ணி, பிளானில் உள்ள மாடிகளோடும் மாநகர சபை அனுமதித்த வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். ஆறு மாடிக்கு அனுமதி எடுத்து ஏழாவதைக் கட்டியிருந்தால் அந்த ஏழாவதற்கு, அனுமதிப்படி கட்டியது என்று காட்டும் கட்டட இணக்கச் சான்றிதழ் இராது, அது இல்லாவிட்டால் கூட்டாதனக் கூறும் இராது. அப்படியான வீட்டை ‘காணியில் பிரிபடாத பங்கு’ (தனி வீடாக அல்லாமல் முழுக் காணியில் ஒரு பங்கு) என்று உறுதி எழுதி மலிவாகத் தருவார்கள். அந்த உறுதியை ஏற்று வங்கி கடன் தராது, நாளை வாங்க வருபவருக்கும் கிடைக்காது. மலிவுக்குக் காரணம் அதுதான்.

‘பிளான் இன்னும் பதியவில்லை, ஆறு மாதத்தில் வந்துவிடும், இப்போதைக்குப் பிரிபடாத பங்காக எழுதுவோம்’ என்பதும் இதே ரகம். பதிவு நின்றுபோகக் காரணங்கள் பல: அனுமதிக்கு மாறாகக் கட்டியது, தீயணைப்புப் பிரிவின் ஒப்புதல் வராதது, வங்கிக்கு ஈடு வைத்த காணி மீளாதது. இதில் எது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அடுத்த பிளட்டைப் பாருங்கள். கொழும்பில் பிளட்டுக்குப் பஞ்சமில்லை.

4. காணிக் கந்தோரில் தேடல்

இதை உங்கள் நொத்தாரிசு செய்வார், நீங்கள் அல்ல. ஆனால் என்ன செய்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். வழக்கம் 30 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போவது. கூட்டாதனப் பதிவுப் பக்கத்திலிருந்து தொடங்கி, கட்டடம் நிற்கும் காணியின் பழைய பதிவுப் பக்கங்கள் வரை தொகுதி எண், பக்க எண் பிடித்துக்கொண்டு போவார். புதுக் கட்டடத்தில் வீட்டின் வரலாறு இரண்டே வரியாக இருக்கும்; காணியின் வரலாறுதான் நீளம். ஈடு, வழக்குப் பதிவு, தடைப் பதிவு, வாழ்நாள் உரிமை, பாகப்பிரிவினை எல்லாம் அங்கே தெரியும்.

ஒன்றை வலியுறுத்திக் கேளுங்கள்: நாட்புத்தகமும் பார்த்தீர்களா? ஓர் ஆவணம் பதிவுக்குக் கொடுக்கப்பட்டதும் அது முதலில் நாட்புத்தகத்தில்தான் ஏறும், பதிவுப் பக்கத்தில் ஏறச் சில நாள் ஆகலாம். போன வாரம் ஒருவர் அதே வீட்டை ஈடு வைத்திருந்தால் பதிவுப் பக்கம் இன்னும் சுத்தமாகவே இருக்கும். அதனால் தேடல் இரண்டு தரம்: முற்பணத்துக்கு முன் ஒன்று, உறுதி முடிக்கும் நாள் காலையில் இன்னொன்று.

பலர் செய்யும் தவறு, விற்பவரின் நொத்தாரிசையே தங்களுக்கும் வைத்துக்கொள்வது. ‘அவருக்கு இந்தக் கட்டடம் முழுக்கத் தெரியும்’ என்பார்கள். தெரியும், சந்தேகமில்லை. விற்பவருக்கு எது வசதி என்பதும் அவருக்குத் தெரியும். முத்திரை வரியில் 12 லட்சம் கட்டுகிறவர் தனக்கென்று ஒரு நொத்தாரிசுக்குக் காசு கொடுப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை.

வெள்ளவத்தைப் பக்கம் சிறிய கட்டடங்களில் இன்னொரு அமைப்பு உண்டு. காணி ஒருவருடையது, கட்டியவர் இன்னொருவர். நான்கு வீடு காணிக்காரருக்கு, மிச்சம் கட்டியவருக்கு என்று ஒப்பந்தம். காணி கட்டியவர் பெயருக்கு மாறியிராது. காணிக்காரர் தன் சார்பில் கையெழுத்து வைக்க அதிகாரம் தந்து கொடுத்த அற்றோணித் தத்துவத்தை வைத்துத்தான் கட்டியவர் உறுதியில் கையெழுத்து வைப்பார். காணிக்காரர் காலமானால் சாதாரண அற்றோணித் தத்துவம் அன்றோடு செல்லாது. அவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் உயிரோடு இருக்கிறாரா, தத்துவம் பதியப்பட்டதா, பிறகு ரத்துச் செய்யப்பட்டதா என்பதை நொத்தாரிசு நேரே உறுதிப்படுத்த வேண்டும். இயன்றால் காணிக்காரரே வந்து கையெழுத்து வைக்கக் கேளுங்கள்.

மாநகர சபையிலிருந்தும் சில தாள் வேண்டும்: வீதிக்கோடு, கட்டடக்கோடு பற்றிய சான்றிதழ், ஆதனம் சபைக்கு உடைமையாகவில்லை என்ற சான்றிதழ், சோலைவரிப் பதிவில் உரிமையாளர் யார் என்ற சான்றிதழ். வீதி அகலிப்புக்கு முன்பக்கம் போகப் போகிறதென்றால் வீதிக்கோட்டில்தான் தெரியும். பார்க்கிங்குக்கு ஏறும் சாய்தளம் அந்தக் கோட்டுக்குள் விழுகிறதா என்று பாருங்கள்.

5. கட்டடத்தை நடத்துபவர்கள்

பிளானும் பிரகடனமும் பதியப்பட்டதும் வீட்டு உரிமையாளர் எல்லோரையும் சேர்த்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகிவிடும். நடப்பில் அது மூன்று பேர் கையிலோ, கட்டியவர் கையிலோ இருக்கும். கேட்க வேண்டியவை: கடைசி வருடாந்தப் பொதுக்கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை, நீங்கள் வாங்கும் வீட்டுக்குப் பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதம். பழைய உரிமையாளரின் பாக்கியைக் கேட்டுப் புதியவர் கதவைத்தான் தட்டுவார்கள்.

சேர்விஸ் சார்ஜ் சதுர அடிக் கணக்கில் வரும். சதுர அடிக்கு 20 ரூபா என்றால் 1,100 சதுர அடி வீட்டுக்கு மாதம் 22,000 ரூபா, வாடகைக்கு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மலிவாக இருந்தால் மகிழ வேண்டாம். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா, ஒதுக்கு நிதியில் எவ்வளவு கிடக்கிறது என்று பாருங்கள். நிதி இல்லாத கட்டடத்தில் லிஃப்ட் மோட்டார் போனால் வீட்டுக்கு இத்தனை லட்சம் என்று அறிவித்தல் ஒட்டுவார்கள்.

மின்சாரம், தண்ணீர் இரண்டுக்கும் உங்கள் வீட்டுக்குத் தனி மீற்றர், தனிக் கணக்கு இருக்கிறதா? முழுக் கட்டடத்துக்கும் ஒரே கணக்கு என்றால் உள் மீற்றர் வாசித்துப் பிரிப்பார்கள். அப்போது ஒருவர் கட்டாவிட்டால் எல்லோருக்கும் தலையிடி. தண்ணீர்த் தாங்கியையும் கணக்குப் பார்க்கலாம்: வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 முதல் 600 லீட்டர் என்று வைத்தால் 20 வீட்டுக்கு ஒரு நாளைக்கு 10,000 முதல் 12,000 லீட்டர் வேண்டும். நிலத்தடித் தாங்கியும் மேல் தாங்கியும் சேர்ந்து அதைவிடக் குறைவென்றால், நீர்வெட்டு நாளில் மாலையில் குழாய் காற்று விடும். ஜெனரேட்டர் உண்டு என்றால் அது எதற்கு என்றும் கேளுங்கள். பல இடங்களில் லிஃப்டுக்கும் நடைபாதை விளக்குக்கும் மட்டும்தான், தண்ணீர் மோட்டாருக்கு இல்லை.

6. முற்பணமும் ஒப்பந்தமும்

‘இன்னொரு பார்ட்டி பின்னேரம் வருகிறது, ஐந்து லட்சம் வைத்து நிறுத்துங்கள்’ என்ற அவசரத்தில்தான் காசு போகும். இலங்கையில் அசையா ஆதனத்தை விற்கும் ஒப்பந்தம் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் கையெழுத்தாக வேண்டும். முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டு, முன்பதிவுப் படிவம், வாட்ஸ்அப் செய்தி எதையும் வைத்து விற்பவரை விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. காசைத் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான். அதற்கும் வழக்கு வேண்டும்.

ஆகவே நொத்தாரிசு ஒப்பந்தம். அதில் பிளான் எண்ணும் கூறு எண்ணும், துணைக்கூறு எண், முழு விலை, வற் யாருடையது, முற்பணம் எவ்வளவு, கடைசி நாள், ஏசி, சமையலறை அலுமாரி போன்று வீட்டோடு வருபவை, விற்பவர் பின்வாங்கினால் என்ன, வங்கி கடன் தர மறுத்தால் முற்பணம் திரும்புமா என்பவை வர வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலர் எழுதுவதில்லை. ஒப்பந்தத்தையும் காணிக் கந்தோரில் பதியுங்கள். பதியாத ஆவணம், அதே ஆதனத்துக்குப் பெறுமதி கொடுத்துப் பின்னால் வாங்கி முறையாகப் பதிந்தவருக்கு எதிரே நிற்காது.

வீடு ஏற்கெனவே வங்கியில் ஈட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம், ஒழுங்கு மட்டும் சரியாக இருக்க வேண்டும். நிலுவை எவ்வளவு என்று வங்கியின் கடிதம், அந்தத் தொகைக்கு வங்கியின் பெயருக்கே நேராகப் பே ஓடர், மிச்சம் விற்பவருக்கு, ஈட்டு விடுவிப்பு உறுதி அதே நாளில். ‘காசைத் தாருங்கள், நான் போய்க் கட்டி மீட்கிறேன்’ என்பதற்கு ஒப்ப வேண்டாம்.

7. கடன்

வங்கி கொடுப்பது நீங்கள் பேசிய விலையில் ஒரு பங்கு அல்ல, தன் மதிப்பீட்டாளர் எழுதும் பெறுமதியில் ஒரு பங்கு. அவர் 260 லட்சம் என்று எழுதினால் 300 லட்சத்தில் இடைவெளி முழுவதும் உங்கள் கைக்காசு. மாறும் வட்டி என்றால் வழக்கமாக மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் முதன்மைக் கடன் வீதத்தோடு இத்தனை சதவீதம் கூட்டி என்று இருக்கும். அந்த வீதம் 2022 கடைசியில் 25 சதவீதத்தைத் தாண்டியது. மாதத் தவணையை இன்றைய வீதத்தில் மட்டும் கணக்குப் போடாமல் இன்னும் 5 சதவீதம் கூட்டியும் ஒரு தரம் போட்டுப் பாருங்கள். நிலையான வட்டி என்று சொன்னால் எத்தனை வருடத்துக்கு நிலையானது என்று கேளுங்கள்.

8. கட்டி முடியாத கட்டடம்

காலி முகத்திடலும் கொம்பனித்தெருவும் கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் மாறிய விதத்தைப் பார்த்தவர்களுக்கு ‘இப்போதே பதிந்தால் மலிவு’ என்ற விளம்பரம் இனிக்கும். மலிவுதான், ஏனென்றால் ஆபத்தில் ஒரு பங்கை நீங்கள் சுமக்கிறீர்கள். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது டொலர் 200 ரூபாவிலிருந்து மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்குப் போனது. லிஃப்ட், அலுமினியம், மின் கம்பி எல்லாம் இறக்குமதி. நகரில் பல கிரேன்கள் அசையாமல் நின்றன.

ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள். விலை ரூபாவிலா, டொலரோடு கட்டப்பட்டதா, கட்டுமானச் செலவு கூடினால் விலையும் கூடுமா. தவணை திகதிக்கா, வேலைக்கா: ‘ஜூன் மாதம் 20 சதவீதம்’ என்றில்லாமல் ‘எட்டாம் மாடித் தட்டு போட்டபின் 20 சதவீதம்’ என்று இருக்க வேண்டும். தாமதித்தால் மாதத்துக்கு என்ன நட்டஈடு, எத்தனை மாதத்துக்குப் பிறகு காசை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். மாநகர சபை, பத்தரமுல்லை செத்சிரிபாயவிலுள்ள நகர அபிவிருத்தி அதிகார சபை ஆகியவற்றின் அனுமதிக் கடிதங்களைக் கண்ணால் பாருங்கள், அனுமதித்த மாடி எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். 2003 திருத்தம் கட்டி முடியுமுன்பே தற்காலிகக் கூட்டாதனமாகப் பதியவும் இடம் தருகிறது. கட்டுபவர் அதைச் செய்திருக்கிறாரா என்பது அவர் எவ்வளவு ஒழுங்கானவர் என்பதற்கு நல்ல அடையாளம்.

9. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள்

இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் உள்ளூர்க்காரர் போலவே வாங்கலாம். வெளிநாட்டுப் பிரஜாவுரிமை மட்டும் என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் காணி வாங்குவதைத் தடுக்கிறது. கூட்டாதன வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் உறுதி முடிக்கும் முன் முழுப் பெறுமதியும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். எந்த மாடி என்பதையும் சட்டத்தின் இன்றைய வாசகத்தோடு நொத்தாரிசு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். காசு, வெளிநாட்டிலிருந்து முதலிட வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வரட்டும். அண்ணனின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து கொடுத்தால், பின்னாளில் விற்ற காசை வெளியே கொண்டுபோக வழி அடைபடும்.

நீங்கள் வர முடியாமல் இங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால், இந்த ஒரு வீட்டை, இந்த விலைக்குள் வாங்க மட்டும் என்று குறுக்கி எழுதுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் தரும் பொதுத் தத்துவத்தைச் சொந்தத் தம்பிக்குக்கூடக் கொடுக்கத் தேவையில்லை. குறுக்கி எழுதிய தத்துவத்தை இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும்.

10. உறுதி முடிக்கும் நாள்

நம்மவருக்குப் பெயர்தான் முதல் வில்லங்கம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் அதே பெயர் பின்னால், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடுதல். உறுதியில் எல்லா வடிவமும் ‘இன்னவாறும் அழைக்கப்படும்’ என்று வர வேண்டும். உறுதியின் வரைவை இரண்டு நாள் முன்னரே வாங்கி, பெயர், அடையாள அட்டை எண், கூறு எண், பரப்பளவு நான்கையும் எழுத்துக்கு எழுத்துச் சரிபாருங்கள். கொழும்பில் உறுதி பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் எழுதப்படும். விளங்காவிட்டால் தமிழில் வாசித்து விளக்கக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வரி செலுத்துநர் இலக்கத்தையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்தால் கடைசி வாரத்தில் ஓடத் தேவையில்லை.

காசு பே ஓடரில். அதன் எண்ணை நொத்தாரிசு உறுதியின் அத்தாட்சியில் குறிப்பார். கையெழுத்து வைக்கும் அதே மேசையில் வாங்க வேண்டியவை: திறப்புகள் எல்லாம், பழைய உறுதிகளின் மூலப் பிரதிகள், கூட்டாதன வரைபடப் பிரதி, சோலைவரி, மின், நீர்க் கடைசிப் பற்றுச்சீட்டுகள், முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பாக்கியில்லாக் கடிதம். வாடகைக்கு ஆள் இருக்கும் வீடென்றால் அவர் வெளியேறிய பின்தான் கையெழுத்து.

11. அதற்குப் பிறகு

நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிக் கந்தோருக்கு அனுப்புவார். அதற்குக் காத்திராமல் மூலப் பிரதியை உடனே பதிவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பதிந்து வந்தபின் பதிவுப் பக்கத்தின் பிரதியை எடுத்து உங்கள் பெயர் ஏறியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். அதைக் கொண்டுபோய் மாநகர சபையில் சோலைவரிப் பெயரை மாற்றி, மின், நீர்க் கணக்குகளையும் மாற்றி, முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவர்கள் பதிவில் உங்கள் பெயர் ஏறினால்தான் பொதுக்கூட்ட அழைப்பு உங்களுக்கு வரும். கொழும்பு மாநகர சபையின் சோலைவரி காலாண்டுக்கு ஒரு தரம். முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு. பெயர் மாற்றம் முடியாவிட்டாலும் பழைய பெயரிலேயே கட்டலாம், பற்றுச்சீட்டை மட்டும் வைத்திருங்கள்.